வரலாம் என்று சொன்னவன்

ஐடி படித்தவனுக்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு மரியாதை உண்டு, சார். தெருவில் எந்த வீட்டு வைஃபை நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை மட்டும் கூப்பிடாது.

நானும் பரிதியும் ஒரே வகுப்பு. கேம்பஸில் இருவருக்கும் ஆஃபர் லெட்டர் வந்தது. சேரும் தேதி வரவில்லை. ஒன்றரை வருடம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தோம். பிறகு டேட்டா என்ட்ரி வேலை என்று நான் பாங்காக் போனேன். அங்கே வேனில் ஏற்றி, ஓர் ஆற்றைக் கடந்து, பெரிய மதில் சுவருக்குள் இறக்கினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். பெண் பெயரில் சாட் செய்து ஊர் உலகத்தை ஏமாற்றுவதுதான் வேலை. ஆள் சிக்காத நாளில் உடம்பில் கரண்ட் வைப்பார்கள். இப்போதும் வீட்டில் மிக்ஸி ஓடினால் நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன்.

அங்கே ஒரு விதி. உன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்தால் நீ போகலாம். நான் பரிதிக்குப் போன் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஏஜெண்ட் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். சவுதி, துபாய் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே இதுதான் வழக்கம்: முன்னால் போன ஊர்க்காரன் ‘வரலாம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பெட்டி கட்டலாம். அப்படித்தான் பரிதியின் அம்மா மங்களாம்பிகை வீடியோ காலில் வந்தார்.

“ஆஸிம், உன்னை நம்பித்தாம்ப்பா கேக்குறேன். புள்ளைய அனுப்பலாமா?”

என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் தடியோடு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“தாராளமா அனுப்புங்கம்மா. சாப்பாடெல்லாம் நல்லா இருக்கு. நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்.”

பரிதி வந்து இறங்கிய வேனிலேயே என்னை ஏற்றினார்கள். அவன் சிரித்துக் கையசைத்தான். வரவேற்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

எனக்குத்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பரிதி நன்றாக இருக்கிறான் என்று ஊரில் சொன்னேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். அந்த விதி பரிதிக்கும் உண்டல்லவா? அவனும் ஓர் ஆளைக் கொண்டுவந்தால் வெளியே வருவான். வந்தால் சொல்வான்.

பயந்தபடியே, எங்கள் ஜூனியர் சைபுல்லாவுக்குப் பரிதியிடமிருந்து போன் வந்தது. அவனுடைய அம்மா ஹாஃபிஸா நேராக என்னிடம் வந்தார்.

“நீ இருந்துட்டு வந்தவன் தம்பி. அனுப்பவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு.”

“வேணாம் மாமி. அங்க இப்ப ஆள் எடுக்குறதில்ல. போனா திரும்பித்தான் வரணும்.”

இப்படி மூன்று பேரைத் தடுத்தேன். சைபுல்லா இப்போது சென்னையில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறான். நோன்பு மாதத்தில் அவன் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வந்தது. மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆள் கிடைக்காத பரிதியை அங்கே என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தின் பெயரும் தெரியும். தூதரகத்துக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். இரண்டு வருடம் போடவில்லை.

நேற்று மங்களாம்பிகையம்மா ஓடி வந்தார். அந்த நாட்டு ராணுவம் உள்ளே புகுந்து எல்லோரையும் மீட்டுவிட்டதாம். பரிதிக்கு ஒரு காது கேட்கவில்லையாம். மற்றதை நேரில் சொல்கிறேன் என்றானாம்.

“வெள்ளிக்கெழமை திருச்சில எறங்குறான். ஏர்போர்ட்டுக்கு நீயும் வாப்பா. உன்னைத்தான் மொதல்ல பாக்கணுமாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். பயமாக இருக்கிறது சார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என்னை உள்ளே வைத்துவிடுங்கள். அவனை வரச் சொன்னது நான். அவன் வெளியே வராதபடி பார்த்துக்கொண்டதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நியாயமாக எழுதுங்கள்: பரிதி மூன்று பேரைக் கூப்பிட்டான். நான் கூப்பிட்டது ஒருவனைத்தான்.