சுவரில் மாட்டிய துவக்கு

டூட்டிங் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர், வேலை முடிந்த களைப்போடு.

"அண்ணை, என்ரை துவக்கை விக்கப்போறன்" என்றார் இளையவர்.

"ஏலத்திலை எடுத்த பழைய ஆமித் துவக்கோ? அது சுடாதெல்லே?"

"ஓம், குழலை அடைச்சுத்தான் வித்தவங்கள். வீட்டு ஹோல் சுவரிலை கொழுவியிருந்தனான்."

"ஆசைப்பட்டு வாங்கினனீர். பிறகென்ன?"

இளையவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா ஊரிலையிருந்து முந்தநாள்தான் வந்தவ. எயார்போட்டிலையிருந்து நேரை வீட்டை கூட்டிக்கொண்டு வந்தன். உள்ளை வந்ததும் சுவரைப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்லை. பையைக் கீழை வைச்சிட்டு, ஊரிலை ஆமி செக்பொயின்றிலை நிக்கிற மாதிரி, அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு நிண்டவ."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"என்னட்டை, அண்ணை. என்னட்டை நீட்டினவ."