மாப்பிள்ளையின் ஈய பெல்ட்

முதலில் ஒரு சின்னத் திருத்தம், சார். நீங்கள் எழுதுகிற மாதிரி அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. இந்த அறையில் நாம் இழுக்கிற அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்துகிற ஸ்கூபா சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். என் தங்கை கணவருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நல்ல மனிதர்தான். கொஞ்சம் அலட்டல், அவ்வளவே. தேனிலவுக்குப் போன இடத்தில் இரண்டு தடவை கடலில் இறங்கியிருக்கிறார். பேச்சைக் கேட்டால் மீனுக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் என்று நினைப்பீர்கள். பழைய கல்குவாரியில் நல்ல தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, அடியில் ஒரு லாரிகூட இருக்கிறது என்று நான் சொன்னதும், புது ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஹாலில் நடை பழகினார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பெண். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். வேலையில் மாற்றல் வந்திருக்கிறதாம், விமானம் ஏறிப் போகிற தூரமாம், அவளையும் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

“வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க மச்சான்” என்று என் தோளில் தட்டினார்.

சிரித்து வைத்தேன்.

“கிளம்புறதுக்கு முன்னாடி குவாரிக்குப் போயிட்டு வந்துடலாம் மாப்ள” என்றேன்.

காவலாளியிடம் அனுமதி, கார், சாப்பாட்டுப் பொட்டலம், எல்லா ஏற்பாடும் நான்தான். ஆள் மிதக்காமல் கீழே இறங்க இடுப்பு பெல்ட்டில் கோத்துக் கட்டும் ஈயக்கட்டி விஷயத்தில் மட்டும் அவர் வாய் திறந்தார்.

“கடல்ல கட்டினதே போதும்ல?”

“கூட ரெண்டு கட்டி போட்டுக்கங்க. லாரி வரைக்கும் போகணும்ல.”

உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். நல்ல தண்ணீர் அவ்வளவு தாங்காது. உண்மையில் குறைத்துத்தான் கட்ட வேண்டும். ஏன் கூட்டச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஜோடியாக இறங்குகிறவர்கள், இறங்குமுன் ஒருவர் சாமானை மற்றவர் தொட்டுப் பார்ப்பார்கள். ஈய பெல்ட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். மாப்பிள்ளை அவசரக் குடுக்கை. பெல்ட்டை முதலில் கட்டி, அதன்மேல், சிலிண்டரைத் தாங்குகிற, காற்று ஏற்றினால் ஆளை மேலே தூக்குகிற மேற்சட்டையின் வாரை இறுக்கியிருந்தார். தொட்டுப் பார்த்தேன்.

“பக்காவா இருக்கு மாப்ள.”

கரையில் நின்ற தங்கை, “அண்ணன் கூடப் போறப்ப எனக்கென்ன பயம்” என்றாள்.

கீழே போகப் போக எடை கூடிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றினார், அது வாரில் மாட்டிக்கொண்டது. மேற்சட்டையில் காற்று ஏற்றும் பொத்தான் அந்தப் பதற்றத்தில் யாருக்குத்தான் ஞாபகம் வரும். என் கையைப் பிடித்தார். வாரைத் தளர்த்த எனக்கு ஒரு நொடி போதும். நான் அவர் விரல்களைப் பிரித்து விட்டேன், பொறுமையாகத்தான். அவர் சிலிண்டரில் காற்று தீரும்வரை பக்கத்திலேயே இருந்தேன். ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு வருகிறவன் இல்லை நான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. அழுதுகொண்டிருப்பாள், பாவம். ஆனால் வருவாள் சார். என்னை விட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?