சுருண்ட சிறகு

— அனுப்பிடாதீங்க சார்! அந்தக் கட்டுரைய அனுப்பிடாதீங்க.

— என்னக்கா இது, ஈ ரூம்லருந்து இப்படி ஓடி வர்றீங்க? பன்னெண்டு மணிக்குக் கெடு முடியுது.

— முடிஞ்சா முடியட்டும். உங்க ஈக்கள்ல தப்பு இருக்கு. தப்புப் பண்ணது நான்.

— நீங்களா? இருபது வருஷமா ஈ வளக்குற கையாச்சே!

— யானைக்கும் அடி சறுக்கும் சார். புழுக்கூட்ட விட்டு வெளிய வந்த எட்டு மணி நேரத்துல பொட்டை ஈய ஆண்கிட்டருந்து பிரிச்சிடணும்ல? அன்னைக்கு எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரில சேத்துட்டு வர்றதுக்குள்ள பதிமூணு மணி நேரம் ஆயிடுச்சு. அதுக்குள்ள எல்லாம் கூடப்பொறந்த ஆணோட சேந்து முடிச்சிருக்கும். சொல்ல வாய் வராம, அதையே பிரிச்சு, நீங்க ஆராயுற ஜீன அடக்குற ஆண் ஈ இருந்த குப்பில விட்டுட்டேன்.

— அப்போ நான் எண்ணின குஞ்சுங்க?

— உங்க ஆணுக்குப் பொறந்த, ஜீன் அடங்கின ஈ இல்ல. சாதா ஈ. ரெக்கை நேராத்தானே இருக்கும்?

— என்னக்கா குண்டத் தூக்கிப் போடுறீங்க! அந்த நேரான ரெக்கைய நம்பித்தான் எழுதியிருக்கேன். ரெக்கைய வளக்குற ரெண்டு சிக்னலுக்கும் நடுவுல இந்த ஜீன் இல்ல, ஒண்ணுக்கொண்ணு ஒட்டுமில்ல உறவுமில்லன்னு.

— உங்ககிட்டப் படிச்ச அந்தக் கண்ணாடிக்காரி வேற மாதிரில்ல சொன்னா? ரெண்டாவது சிக்னலோட வாய இந்த ஜீன் பொத்தி வைக்குது. எங்க வேணுமோ அங்க மட்டும் முதல் சிக்னல் வந்து ஜீன அடக்கி, அத பேச விடுது. ஜீனே இல்லேன்னா ரெக்கை முழுக்க ஒரே கூச்சல், சுருண்டுக்கும்னா. அவ ஈ சுருண்டுதான் வந்துச்சு. ஈ பிரிக்கிற வேலைல சுத்தமில்லன்னு நீங்கதான் அவள வெளிய அனுப்பினீங்க.

— பழசக் கிளறாதீங்கக்கா.

— கிளறாம? இந்தக் குப்பிய லென்ஸ்ல வச்சுப் பாருங்க. நேரம் தப்பாம நானே பிரிச்சு, உங்க ஆணோட திரும்பச் சேத்துவிட்டது. குஞ்சுங்க காலைலதான் வெளிய வந்துச்சுங்க.

— ...எல்லாமே சுருண்டிருக்கு.

— நூத்திப் பன்னெண்டு. ஒண்ணு விடாம.

— அப்போ அவ சொன்னதுதான் சரி.

— அவ இப்போ துணிக்கடைல பில்லு போடுறா சார். படிப்பு பாதில நிக்குது. அவளக் கூப்பிடுங்க. பழி மொத்தமும் என் தலையில போடுங்க. துறைத் தலைவருக்கு நானே எழுதித் தர்றேன், வேலை போனாலும் சரி.

— உங்க பழி இல்லக்கா இது.

— பிரிச்சது என் கைதானே?

— நீங்க பிரிச்சப்போ அவ பாத்துட்டா. 'நேரம் தப்பிடுச்சு, இந்த ஈ வேணாம் சார்'னு அன்னைக்கே குப்பி மேல சீட்டு ஒட்டி வச்சிருந்தா. படிச்சிட்டு, கிழிச்சுப் போட்டது நான்தான்.