தும்மாதவன்

கேட்டுச்சா சிஸ்டர்? உள்ள, ம்க்குன்னு ஒரு சத்தம்? தும்மல்தான். தலையணையில மூஞ்சிய அமுக்கிக்கிட்டுத் தும்மறா எம்பொண்ணு. நமக்குக் கேக்கக் கூடாதாம். அந்தச் சேர்ல கெடக்கற துணியத் தள்ளிட்டு உக்காருங்க, நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பேசறேன்.

இல்ல, காய்ச்சல் இல்ல. வாராவாரம் நீங்க வந்து எங்க எல்லார் மூக்குலயும் குச்சி விடறதுக்கெல்லாம் பயப்பட மாட்டா. ரிசல்ட்டுக்குத்தான் பயம். போன தடவை நீங்க கொரோனான்னதும் எனக்கே கைகால் ஓடல. அப்புறம் நீங்கதானே சொன்னீங்க, இது அந்தப் பெருசு இல்ல, ரொம்ப காலமா இருக்கற சாதாச் சளி, குளிருக்கு வரும், வெயிலுக்கு ஒதுங்கிடும்னு. நம்ம வீட்டு அட்ரஸ் அதுக்கு மனப்பாடம்னு எம்பொண்டாட்டி சிரிப்பா. ஸ்கூல்லேர்ந்து வந்து மொதல்ல ஏறுறது இவ மூக்குலதான். தும்மல் ராணின்னு பேரே வச்சிருந்தா.

ஆமா, கிட்னி மாத்தின எம்பொண்டாட்டிக்கு அந்தச் சாதாவும் சாதா இல்ல. தெரியாமலா இருந்தோம்? இவளோட மொதத் தும்மல் கேட்டதுமே அவள உள்ரூம்ல விட்டுக் கதவச் சாத்திடுவோம். இவ இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம், கதவத் தட்டித் தட்டி விளையாடுவாங்க. சோறு கொண்டு போறது நானு. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே! ரொட்டி பேக்டரியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, குத்துக்கல்லாட்டம் பக்கத்துல உக்காந்து ஊட்டினேன். தும்மறவள வெளிய நிறுத்திட்டு, தும்மாதவன உள்ள விட்டிருக்கோம் பாருங்க. என் மூக்குலயும் அதேதான்னு நீங்க சொல்றதுக்குள்ள அவள ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு.

இவ என்னடான்னா, தான் தும்மினதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுங்கறா. இனிமே தும்மாம இருந்தா அம்மா வந்துடுமாம். அப்படியில்லன்னு நான் சொன்னா, போப்பா, நீ சும்மா சொல்றேங்கறா. நீங்க சொன்னா நம்புவா. கையில குச்சி வச்சிருக்கீங்கல்ல.

அதான்... பேச்சோட பேச்சா சொல்லிடுங்க, அம்மாவுக்குக் குடுத்தது அப்பாதான்னு. யாருக்கு மொதல்ல வந்துச்சுங்கறது உங்க பேப்பர்ல எப்படி வேணா இருக்கட்டும். பொய்யா? அந்தக் கதவுக்குள்ள போனது நான்தானே சிஸ்டர்? என்மேல கோவப்படட்டும், பேசாம இருக்கட்டும், நான் தாங்கிக்குவேன்.

அடுத்த வாரம் ஆகாதுங்க. இப்பவே சொல்லணும். காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணிட்டாங்க. முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் கொண்டாந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி இது எம்பொண்ணு காதுல விழுந்திருக்கணும்.

ஐயோ, அழாதீங்க, அவளுக்குக் கேட்டுடும். கண்ணத் தொடைச்சுக்கிட்டுப் போங்க. நான் இந்தத் தட்ட அலசிடறேன்.