நாடி ஏன் நிதானமாக இருந்தது?

அவையின் தலைமையைத் தாங்கி வீற்றிருக்கும் மூத்த மருத்துவர் அவர்களே, எனக்குப் பணி பழக்கிய பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளைப் பிறர் வலி போக்க அனுப்பிவைக்கும் தாய்மார்களே, இன்று பட்டம் பெற்று நாளை கட்டிலருகே நிற்கப்போகும் என் செவிலியச் செல்வங்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

ஒரு கொட்டாவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! ஆனால் அந்தக் கொட்டாவியில் ஓர் உயிர் ஊசலாடியது.

எங்கள் வார்டில் ஒரு பேருந்து ஓட்டுநர். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். வாய் ஓயாத மனிதர். ஊசியோடு போனால், "பாத்துக் குத்துங்க சிஸ்டர், வண்டி பழசு" என்பார், வார்டே குலுங்கும். அன்று பிற்பகல் அவர் பேசவில்லை. தண்ணீர் கேட்டார். கொட்டாவி விட்டார். மீண்டும் தண்ணீர், மீண்டும் கொட்டாவி.

"வலியில சரியாத் தூங்கல, சிஸ்டர். கொஞ்சம் கண்ணசரட்டுமே" என்றார் அவர் மனைவி. நியாயமான பேச்சு. கருவியும் அதையே சொன்னது: இரத்த அழுத்தம் சற்றே குறைவு, நாடி நிதானம்.

அடுத்த கட்டிலுக்குப் போக என் கால் திரும்பியது, தோழர்களே, கண் திரும்பவில்லை! ஏன் இந்த மௌனம்? ஏன் இந்தத் தாகம்? போர்வைக்குள் கிடந்த பாதம் ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது? உள்ளே இரத்தம் கசிகிறதோ? கசிந்தால் நாடி பாய்ந்தோட வேண்டுமே, இவர் நாடி ஏன் அசையாமல் நடக்கிறது?

"அம்மா, இவருக்கு வேற ஏதாவது மாத்திரை உண்டா?"

"நெஞ்சுப் படபடப்புக்குப் பல வருஷமாப் போடுறாரே! காலையில இருந்த சிஸ்டர்கூடக் கொடுத்தாங்களே?"

ஓடத் துடித்த நாடியை அந்த மாத்திரை இழுத்துப் பிடித்திருந்தது!

தொலைபேசியில் மருத்துவர், "பல்ஸ் நார்மல்தானே, என்ன சந்தேகம்?" என்றார். சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன், சில்லிட்ட பாதத்தைச் சொன்னேன். "ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க. இதோ வர்றேன்." வந்தார், வயிற்றைத் தொட்டார், அறுவை அரங்குக்கு அழைத்துப் போனார். கசிந்த இரத்தக் குழாய் கட்டப்பட்டது. மனிதர் பிழைத்தார்.

வெளியே அந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கட்டும்னு நான் சொன்னேனே, சிஸ்டர்..." என்று விம்மினார்.

"மாத்திரையைப் பத்தி நீங்க சொன்னதாலதாம்மா எனக்குப் புரிஞ்சுது" என்றேன். அது ஆறுதல் வார்த்தையன்று, உண்மை.

முன்வரிசையில் ஓர் ஐயா வாயைப் பொத்துகிறார். அஞ்சாதீர்கள், அது என் பேச்சின் பக்கவிளைவு!

அடுத்த வாரமே இன்னொரு கொட்டாவி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஓடினேன். பாதம் தொட்டேன், நாடி பிடித்தேன், மாத்திரை விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஒன்னுமில்லம்மா. பக்கத்துக் கட்டில்ல ஒரே குறட்டை. காதுல வைக்கக் கொஞ்சம் பஞ்சு இருந்தாக் கொடு."

கொட்டாவி ஒன்றே. அவருக்குத் தேவை இரத்தம். இவருக்குத் தேவை பஞ்சு! படித்தது வழி காட்டும், பட்டது துணை நிற்கும். ஆனால் இன்று, இந்தக் கட்டிலில், இந்த உடம்புக்கு என்ன என்பதை யார் சொல்வார்? அந்த உடம்புதான் சொல்லும். கேளுங்கள்! தெரியும் என்று தோன்றும்போதும் கேளுங்கள்! கேட்கும் செவிலி இருக்கும் வார்டில் எந்த நோயாளியும் தனியாக இல்லை.

செவி கொடுத்த சபைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நலம் சூழ்க, வணக்கம்.