தேவேஷின் பஞ்சுப் பொம்மை

பஞ்சுப் பொம்மையைத் தண்ணீரில் முக்கவே கூடாது, மேடம். பலர் செய்யும் தவறு அதுதான். உள்ளே இருப்பது இலவம்பஞ்சு. நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும். எங்கள் தைப்பிங் ஊர் மழையில் ஒரு வாரமானாலும் காயாது, பிறகு பூஞ்சை பிடிக்கும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கு அரிசி மாவு போதும். கையால் தைத்த பொம்மைகளைச் சுத்தம் செய்ய ஈப்போவிலிருந்துகூட எனக்கு அனுப்புவார்கள்.

கம்பளி நூலில் வைத்த முடியைத்தான் பூச்சி முதலில் தின்னும். அதனால் பிஸ்கட் டின்னில் பாச்சை உருண்டை போட்டு, அதற்குள் பொம்மைகளை மூடி வைப்பேன். என் தம்பி தீபனுக்கு அந்த நெடி பழகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

தீபனின் மகன் தேவேஷ் பிறந்தபோது இரத்தத்தைச் சோதித்து, ஜி6பிடி குறை என்றார்கள். நர்ஸ் எங்கள் மூவரையும் உட்கார வைத்து விளக்கினார். சில மருந்துகள், சில பயறுகள், பாச்சை உருண்டை. இவை பட்டால் குழந்தையின் இரத்தம் உடைந்து போகும். தீபனின் மனைவி ஷர்மினி அந்த விவரம் எழுதிய தாளை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாள். நானே டின்களைக் கொட்டிக் கழுவி, கிராம்பும் வாசனைக்குக் காய்ந்த பாண்டான் இலையும் போட்டு வைத்தேன். அலமாரிக்கு மேலே ஒரு டின் மட்டும் விட்டுப்போயிற்று.

தேவேஷுக்கு உள்ளங்கை அளவில் ஒரு பொம்மை தைத்துக் கொடுத்தேன். அதன் முடியை வாயில் வைத்தால்தான் தூங்குவான்.

அவனுக்கு எட்டு மாதமானபோது தீபனுக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. அங்கேயே குடிபோகலாம் என்றார்கள். நான் எங்கே இருப்பேன் என்று யாரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் மூவரும் வீடு பார்க்கப் போனார்கள். மழை விடவே இல்லை. ஒருவருக்கு மட்டும் சோறு வடித்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசல் கதவைப் பூட்டினேன், பிறகு திறந்தேன், பிறகு பூட்டினேன். சாயங்காலம் கார் சத்தம் கேட்கும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பொம்மையைச் சுத்தம் செய்து ஒரு டின்னில் வைத்தேன். அது எந்த டின் என்று கவனிக்கவில்லை. முதல் தடவை அப்படித்தான்.

ஷர்மினி நாப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இங்க பாருங்க. மூத்திரம் கோப்பி ஓ மாதிரி கறுப்பா இருக்கு," என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள். இரத்தம் ஏற்றினார்கள். வீட்டில் பாச்சை உருண்டை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது, இல்லவே இல்லை என்று ஷர்மினி சத்தியம் செய்தாள். இரண்டாம் நாள் பொம்மையை முகர்ந்து பார்த்தேன், தெரிந்துகொண்டேன். சொல்லியிருப்பேன். அதற்குள் தீபன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போதைக்கு அங்க போக மாட்டோம்லா அக்கா. நீங்க இல்லாம இவனப் பாத்துக்க முடியாது," என்று சொல்லிவிட்டான். பொம்மையை வெந்நீரால் துடைத்து, காற்றாட வைத்து, பழையபடி கொடுத்தேன்.

அதன் பிறகு ஷர்மினி பயத்திலேயே வாழ்ந்தாள். தலையணை, சட்டை, சோப்பு, எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பாள். என் கையைக்கூட முகர்வாள். வருகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவாள். ஒவ்வொரு நாப்பியையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். பொம்மையை மட்டும் என்னிடமே கொண்டுவருவாள். "நீங்களே சுத்தம் பண்ணிக் கொடுங்கக்கா. எனக்கு வேற யாரையும் நம்ப முடியல," என்பாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வீடு பார்த்துவிட்டார்கள். சனிக்கிழமை லாரி வரும் என்றான் தீபன். புதன்கிழமை ஷர்மினி பொம்மையைக் கொடுத்தாள். தூசி தட்டினேன். முடியை விரலால் சிக்கெடுத்தேன். அலமாரி மேலிருந்து அந்த டின்னை இறக்கி, உள்ளே வைத்து மூடினேன். இந்தத் தடவை எந்த டின் என்று கவனித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எடுத்து, பச்சைப் பாண்டான் இலையில் சுற்றி வைத்தேன். சாயங்காலம் கொடுத்தபோது ஷர்மினி அதை மூக்கருகே கொண்டுபோனாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"பாண்டான் வாசம் தூக்கலா இருக்கேக்கா."

"பூச்சி வராதுலா," என்றேன்.

குழந்தையிடம் கொடுத்தாள். அவன் முடியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் கணக்குப் போட்டது நான்கு நாள் ஆஸ்பத்திரிக்குத்தான். கண் மஞ்சளாகும், இரத்தம் ஏற்றுவார்கள், வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமை காலை லாரி வாசலில் நின்றபோது ஷர்மினி நாப்பியைப் பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் குழந்தையைத் தூக்கிக் காரில் ஏற்றினேன். உதடு வெளுத்து, தலை என் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. வார்டில் நர்ஸ் அவன் கையிலிருந்த பொம்மையை எடுத்து ஒரு தடவை முகர்ந்தார். பிறகு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஞாயிறு மத்தியானம் தேவேஷ் போய்விட்டான்.

கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஷர்மினி ஆயர் தாவாரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னீர்கள். தீபன் என்னைப் பார்க்க மறுக்கிறான் என்றும் சொன்னீர்கள். கொஞ்ச நாள் ஆகும், அவனை எனக்குத் தெரியும். ஆனால் அவன் ஜெலாப்பாங்குக்குப் போகவில்லை, பாருங்கள். வீட்டில்தான் இருக்கிறான்.