காலி அலமாரிக்குச் சம்பளம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பேச்சிலிருந்து கடலூர்க்கார மாமா, பாண்டிக்கார மச்சான் என்று தெரிந்தது. கெமிக்கல் கம்பெனிகளின் வாடை ஜன்னல் வழியாக ஏறியதும் மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நாத்தம் எங்களுக்கு, பணம் உங்களுக்கு. இங்க கட்டுற வரி டில்லிக்குப் போயி, அங்கேருந்து பாண்டிக்குத்தான மச்சான் போவுது?”

“எங்களுக்கு மட்டுமா மாமா வருது?”

“ஜாஸ்தி உங்களுக்குத்தான். ஆத்தைத் தாண்டி உங்க பாண்டிக்குள்ள வந்தா ரோடே வேற மாதிரி இருக்கு. நான் லேத்துப் பட்டறையில நாள் பூரா இரும்போட மல்லாடுறேன். நீ கவர்மெண்ட் கடையில உக்காந்துக்கினே சம்பளம் வாங்குற.”

“கடையில சரக்கே இல்ல மாமா. நாலு வருஷமா காலி அலமாரியைப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்.”

“சம்பளம் வருதுல்ல?”

“லேட்டாத்தான் வருது.”

“வருதுல்ல?”

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவன் டர்னர் படிச்சிருக்கான். எங்க ஊர்ல ஒரு பட்டறை கெடையாது. எல்லாரும் கவர்மெண்ட் வேலைக்கே காத்துக்கினு கெடக்குறாங்க. அவனை உங்க பட்டறையில சேத்துக்கோங்க மாமா. அதைக் கேக்கத்தான் கூட வந்தேன்.”

புதுச்சத்திரம் தாண்டிய பிறகு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சேத்துக்கிறேன். நீ எம் பையன் பேரை உங்க ரேஷன் கார்டுல சேத்துப் பாண்டிக்காரனாக்கிடு. நீ ரிட்டையர் ஆனா அந்த நாற்காலி சும்மாத்தான கெடக்கும்?”